இதயம் நின்று மீண்ட பிள்ளை எப்படித் தேறும்? மூளை பற்றிய கணிப்பை நாள்வாரியாகப் புரிந்துகொள்ள ஒரு வழிகாட்டி

சிங்கப்பூரில் சிறார் தீவிர சிகிச்சைப் பிரிவில் தாதியாக வேலை செய்கிறேன். இதயம் நின்று, சிபிஆர் (நெஞ்சை அழுத்திக் கொடுக்கும் உயிர்காப்பு முதலுதவி) செய்து, மறுபடி துடிக்க ஆரம்பித்த ஒரு பிள்ளை எங்கள் பிரிவுக்கு வந்துசேர்ந்தால், அன்றிரவே அப்பாவோ பாட்டியோ என்னைத் தனியாகக் கூப்பிட்டுத் தமிழில் கேட்பது இதைத்தான்: “மிஸ்ஸி, பிள்ளை பழையபடி ஆயிருமா?” அந்த நேரத்தில் இதற்கு நேர்மையான பதில் யாரிடமும் இருக்காது, எவ்வளவு பெரிய நிபுணராக இருந்தாலும் சரி. பதில் துண்டு துண்டாகத்தான் வரும். மூன்று நாள், ஐந்து நாள், சில பிள்ளைகளுக்கு இரண்டு வாரம்கூட ஆகும். அந்தத் துண்டுகள் என்னென்ன, எது எப்போது வரும், ஒவ்வொன்றையும் எவ்வளவு தூரம் நம்பலாம், மருத்துவரிடம் எப்படிக் கேட்டால் தெளிவான பதில் கிடைக்கும், இதையெல்லாம் குடும்பங்களுக்காக எழுதி வைக்கிறேன். உங்கள் பிள்ளையைப் பார்க்கும் மருத்துவர் சொல்வதற்கு இது மாற்றாகாது. அவர் சொல்வதைப் பிடித்துக்கொள்ள உதவும், அவ்வளவுதான்.

ஒரு விஷயத்தை மட்டும் முதலிலேயே மனத்தில் போட்டுக்கொள்ளுங்கள். இதயம் மறுபடி துடிக்க ஆரம்பித்த நேரத்திலிருந்து குறைந்தது 72 மணி நேரம் போகும்வரை, அதுவும் ஒரே ஒரு சோதனையை மட்டும் வைத்துக்கொண்டு, பிள்ளை தேறும் என்றோ தேறாது என்றோ முடிவு கட்டக்கூடாது. பல சோதனைகளைச் சேர்த்து, பல நேரங்களில் பார்த்து, மெதுவாகச் சொல்லுங்கள் என்பதுதான் உலக அளவிலான மருத்துவ வழிகாட்டுதல்களின் சாரம். விதிவிலக்கும் உண்டு, அதை மறைக்க விரும்பவில்லை. மூளை கடுமையாக வீங்கி, மூளைத்தண்டே அழுத்தப்பட்டுவிட்டால், மூன்று நாளுக்கு முன்பே மருத்துவர்கள் உங்களை உட்கார வைத்துப் பேச நேரிடும்.

முதல் வேலை: நடந்ததைச் சரியாகச் சொல்வது

கணிப்புக்குத் தேவையான முதல் தகவல் எந்த இயந்திரத்திலும் இல்லை, சம்பவ இடத்தில் இருந்த ஆளிடம் இருக்கிறது. அது வீட்டுப் பணிப்பெண்ணாக இருக்கலாம், காண்டோ நீச்சல்குளத்தில் பக்கத்தில் நின்றவராக இருக்கலாம், பள்ளி ஆசிரியராக இருக்கலாம். அவரை மருத்துவமனைக்கு வரச் சொல்லுங்கள், முடியாவிட்டால் தொலைபேசியில் மருத்துவரோடு நேராகப் பேச வையுங்கள். பிள்ளை விழுந்ததை யாராவது கண்ணால் பார்த்தார்களா, கடைசியாக நன்றாக இருந்ததைப் பார்த்தது எப்போது, ஆம்புலன்ஸுக்கான 995 எண்ணுக்கு அழைத்தது எத்தனை மணிக்கு (கைப்பேசியில் பதிவாகியிருக்கும், எடுத்துப் பாருங்கள்), ஆம்புலன்ஸ் வருமுன்பே யாராவது சிபிஆர் ஆரம்பித்தார்களா, 995 அதிகாரி தொலைபேசியிலேயே நெஞ்சை அழுத்தச் சொல்லிக்கொடுத்தாரா, ஏஇடி என்ற மின்னதிர்ச்சிக் கருவியை மாட்டியபோது அது ஷாக் கொடுத்ததா, இவ்வளவும் வேண்டும்.

பயத்தில் நேரத்தைக் குறைத்துச் சொல்வது சகஜம். குறிப்பாகப் பணிப்பெண்கள், வேலை போய்விடுமோ, போலீஸ் வருமோ என்று நடுங்கிக்கொண்டு “ஒரு நிமிஷம்தான்” என்பார்கள். அந்த அறையில் வைத்து அவரைத் திட்டாதீர்கள், தயவுசெய்து. மருத்துவருக்குத் தேவை உண்மையான நேரம். யார்மேல் தப்பு என்ற பேச்சுக்கு அங்கே இடமில்லை.

ஏன் இத்தனை கேள்வி? பெரியவர்களின் இதயம் நிற்பதும் பிள்ளைகளின் இதயம் நிற்பதும் பெரும்பாலும் வேறு வேறு கதை. பெரியவருக்கு இதயத்திலேயே கோளாறு வந்து திடீரென்று நிற்கும். நிற்கும் நொடிவரை ரத்தத்தில் ஆக்சிஜன் இருந்திருக்கும். பிள்ளைகளுக்கு அதிகமும் மூச்சுதான் முதலில் போகும்: தண்ணீரில் மூழ்குவது, தொண்டையில் ஏதாவது அடைப்பது, கடுமையான ஆஸ்துமா, நிமோனியா. ஆக்சிஜன் குறைந்து குறைந்து, இதயம் மெதுவாகி, கடைசியில்தான் நிற்கும். அப்படியென்றால் இதயம் நிற்பதற்கு முன்பே மூளை பல நிமிடம் ஆக்சிஜன் இல்லாமல் தவித்திருக்கிறது. அதனால்தான் ‘பத்து நிமிடம் சிபிஆர்’ என்ற ஒரே கணக்கு இரண்டு பிள்ளைகளுக்கு இரண்டு அர்த்தம் தரும். பிறவி இதய நோயாலோ, இதயத் தசை வீக்கத்தாலோ, பரம்பரையாக வரும் துடிப்புக் கோளாறாலோ திடீரென்று விழுந்து, பக்கத்தில் இருந்தவர் உடனே சிபிஆர் செய்து, ஷாக்கில் துடிப்பு திரும்பிய பிள்ளைக்கு வாய்ப்பு பொதுவாகக் கூடுதல். ஏற்கெனவே மருத்துவமனைக்குள் இருந்தபோது நடந்தாலும் அப்படித்தான், ஏனென்றால் நொடிக்கணக்கில் ஆள் ஓடிவருவார்கள்.

சரி, எத்தனை நிமிடம் தாண்டினால் நம்பிக்கை இல்லை? அப்படி ஒரு கோடு கிடையாது. நேரம் கூடக்கூட வாய்ப்பு குறையும் என்பது உண்மை, ஆனால் நீண்ட நேரம் நல்ல தரத்தில் சிபிஆர் நடந்து, இதயம், நுரையீரலின் வேலையைச் செய்யும் எக்மோ இயந்திரத்தில் போடப்பட்டு, பிறகு நன்றாகத் தேறிய பிள்ளைகளும் உண்டு. இன்னொன்று. மேலை நாடுகளில் உறைந்த ஏரிக்குள் விழுந்து வெகுநேரம் கழித்து மீட்கப்பட்டும் பிழைத்த பிள்ளைகள் பற்றிய செய்திகளை உறவினர்கள் வாட்ஸ்அப்பில் அனுப்புவார்கள். அந்தப் பிள்ளைகளின் மூளையைக் காப்பாற்றியது பனிக்கட்டிக் குளிர். மூளை வேகமாகக் குளிர்ந்து, அதன் ஆக்சிஜன் தேவை குறைந்துவிட்டது. நம்மூர் நீச்சல்குளத் தண்ணீருக்கு அந்தக் குணம் இல்லை. நல்ல மனதோடுதான் அனுப்புகிறார்கள், ஆனால் உங்கள் பிள்ளையின் கணக்கில் அதைச் சேர்க்க வேண்டாம்.

முதல் நாள்: கணிப்பைவிடக் காவல் முக்கியம்

முதல் 24 மணி நேரத்தில் நாங்கள் செய்வதில் பெரும்பகுதி, மூளைக்கு இரண்டாவது அடி விழாமல் பார்த்துக்கொள்வது. காய்ச்சல் வரவிடக்கூடாது, ரத்த அழுத்தம் விழக்கூடாது, ஆக்சிஜன் குறையவும் கூடாது தேவைக்கு மேல் ஏறவும் கூடாது, கார்பன் டை ஆக்சைடும் சர்க்கரையும் கட்டுக்குள் இருக்க வேண்டும், வலிப்பு வந்தால் உடனே பிடிக்க வேண்டும். பிள்ளைக்குக் கீழே குளிரூட்டும் விரிப்பு போட்டிருப்பதைப் பார்த்துப் பல பாட்டிகள் “இப்படிக் குளிர வைக்கிறாங்களே” என்று போர்வையை இழுத்துவிடுவார்கள். விட்டுவிடுங்கள், அது காய்ச்சலைத் தடுக்கத்தான்.

உடம்பை 33 டிகிரிவரை குளிர வைத்தால் மூளை பிழைக்குமா என்று அமெரிக்கா, கனடா உள்ளிட்ட நாடுகளில் பெரிய ஆய்வு நடந்தது. தாப்கா என்று பெயர். மருத்துவமனைக்கு வெளியே இதயம் நின்ற பிள்ளைகள் பற்றிய முடிவு 2015இல் வந்தது: ஓராண்டு கழித்து உயிரோடும் நல்ல செயல்திறனோடும் இருந்தவர்கள், 33 டிகிரியில் வைக்கப்பட்டவர்களில் 20 விழுக்காடு, 36.8 டிகிரியில் வைக்கப்பட்டவர்களில் 12 விழுக்காடு. பார்ப்பதற்குப் பெரிய வித்தியாசம் போலத் தெரிந்தாலும், அது தற்செயலாகவும் வந்திருக்கலாம். மருத்துவமனைக்குள் நின்ற பிள்ளைகள் பற்றிய முடிவு 2017இல் வந்தது: 33 டிகிரியில் 36 விழுக்காடு, 36.8 டிகிரியில் 39 விழுக்காடு, வித்தியாசமே இல்லை எனலாம். ஆக, ரொம்பக் குளிர வைப்பதால் பலன் உறுதியில்லை, காய்ச்சலை விடக்கூடாது என்பது மட்டும் உறுதி. இந்த எண்களிலேயே இன்னொரு சேதியும் இருக்கிறது, கசப்பானது: வெளியே இதயம் நின்ற பிள்ளைகளில் ஓராண்டில் நன்றாக இருந்தவர்கள் சிறுபான்மை. உள்ளே நின்றவர்களுக்கு நிலைமை கணிசமாக மேல். மருத்துவர் முகம் ஏன் இறுக்கமாக இருக்கிறது என்பதற்கு இதுவே காரணம், உங்களிடம் எதையோ மறைப்பதால் அல்ல.

முதல் நாளில் பார்க்கும் இரண்டு சின்ன விஷயங்களுக்கு நல்ல பக்கத்தில் கொஞ்சம் எடை உண்டு. வெளிச்சம் அடித்தால் கண்மணி சுருங்குகிறதா என்பது ஒன்று, ஆக்சிஜன் பஞ்சத்தில் ரத்தத்தில் ஏறும் லாக்டேட் என்ற பொருளின் அளவு 2க்குக் கீழே சீக்கிரம் இறங்குகிறதா என்பது இன்னொன்று. முதல் 12 மணி நேரத்துக்குள் இவை நன்றாக இருந்தால் நம்பிக்கைக்கு இடம் இருக்கிறது என்று மருத்துவர் சொல்லலாம். இல்லையென்றால் உடனே கெட்டது என்று அர்த்தமில்லை. அந்த நேரத்தில் கண்மணி அசையாமல் இருக்க மருந்தும் காரணமாக இருக்கலாம், மூளை இன்னும் அதிர்ச்சியிலிருந்து வெளியே வராததும் காரணமாக இருக்கலாம்.

மருந்து விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். மூச்சுக்குழாய் போட்ட பிள்ளைக்கு மயக்க மருந்தும் வலி மருந்தும் ஓடும், சில சமயம் தசையைத் தளர்த்தும் மருந்தும். இதயம் நின்றபோது கல்லீரலும் சிறுநீரகமும் சேர்ந்தே அடிபட்டிருக்கும், அதனால் மருந்து உடம்பை விட்டு வெளியேற வழக்கத்தைவிட அதிக நேரம் எடுக்கும். “மருந்தை நிறுத்தி ஒரு நாள் ஆச்சு, இன்னும் எழுந்திரிக்கல” என்றால் அது மூளையின் பதில்தான் என்று சொல்லிவிட முடியாது. எனவே இதைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்: எந்த மருந்து எத்தனை மணிக்கு நின்றது, இப்போதைய பரிசோதனையில் அதன் தாக்கம் இன்னும் இருக்க வாய்ப்புண்டா?

அதே போல எதிர்ப் பக்கமும். அம்மா விரலைப் பிள்ளை இறுகப் பிடிக்கும், கால் இழுத்துக்கொள்ளும், கண் லேசாகத் திறக்கும். தண்டுவடத்திலிருந்தே வரும் அனிச்சைச் செயல்களும் இப்படித்தான் தெரியும். சொன்னதைக் கேட்டு அசைத்ததா, தொட்டதும் தானாக அசைந்ததா என்பதுதான் வித்தியாசம். நீங்கள் பார்த்ததை எங்களிடம் கட்டாயம் சொல்லுங்கள், முடிந்தால் கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். சில சமயம் பெற்றோர்தான் முதலில் கவனிப்பார்கள். ஆனால் அதை மருத்துவர் சோதித்துப் பார்க்கும்முன் ஊருக்கு அறிவித்துவிடாதீர்கள்.

இஇஜி: இதற்கு நேரம் ஒதுக்கிக் கேளுங்கள்

எல்லாச் சோதனையிலும் நான் குடும்பங்களை அதிகம் விசாரிக்கச் சொல்வது இதைத்தான். தலையில் வயர்களை ஒட்டி மூளையின் மின்னலைகளைத் தொடர்ந்து பதிவு செய்வார்கள், ஒருநாள், இரண்டு நாள் என்று ஓடும். முதல் பயன், கண்ணுக்குத் தெரியாத வலிப்பைப் பிடிப்பது. தசை தளர்த்தும் மருந்தில் இருக்கும் பிள்ளை உள்ளே வலிப்பில் இருந்தாலும் வெளியே ஒரு விரல்கூட ஆடாது, அலையில்தான் தெரியும், தெரிந்தால்தான் சிகிச்சை செய்ய முடியும்.

இரண்டாவது பயன்தான் கணிப்பு. அலை விட்டுப்போகாமல் தொடர்ச்சியாக வருகிறதா, கையைக் கிள்ளினால், பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அலை மாறுகிறதா, தூக்கத்தில் வரவேண்டிய வடிவங்கள் வருகின்றனவா, இவை நல்ல பக்கத்தில் சேரும். அலை கிட்டத்தட்டத் தட்டையாக இருப்பது, அல்லது நீண்ட அமைதி, நடுவே திடீர் வெடிப்பு, மறுபடி அமைதி என்று வருவது கெட்ட பக்கத்தில் சேரும். ஆனால் இரண்டாவது வடிவத்தை அதிக மயக்க மருந்தும் உண்டாக்கும். அப்புறம், ஒரு நேரத்து அலையைவிட அது போகும் திசை முக்கியம். முதல் நாள் மோசமாக இருந்து இரண்டாம் நாள் தொடர்ச்சியாக மாறினால் அது ஒரு கதை. 48 மணி நேரம் கழித்தும், மருந்து இல்லாமலும், அப்படியே தட்டையாக இருந்தால் அது வேறு கதை. ஆகவே “இஇஜி எப்படி இருக்கு?” என்று கேட்பதைவிட “நேத்தைக்கு இன்னிக்கு எப்படி மாறியிருக்கு?” என்று கேளுங்கள். பதில் உடனே தெளிவாக வரும்.

ஸ்கேன், நரம்புச் சோதனை, ரத்தச் சோதனை

சிடி ஸ்கேன் சீக்கிரம் எடுத்துவிடலாம், வந்த சில மணி நேரத்தில்கூட. தலைக்குள் ரத்தக்கசிவு, காயம், கடுமையான வீக்கம் இருக்கிறதா என்று பார்க்கத்தான் முக்கியமாக எடுக்கிறார்கள். முதல் நாள் சிடி இயல்பாக இருக்கிறது என்று சொன்னால் நிம்மதிப் பெருமூச்சு விடுவோம், தப்பில்லை, ஆனால் ஆக்சிஜன் இல்லாமல் போன சேதம் அதில் தெரிய நேரம் பிடிக்கும். எம்ஆர்ஐ அதைவிட நுணுக்கமாகக் காட்டும். பெரும்பாலும் மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையில் எடுத்தால் பயன் அதிகம். ரொம்பச் சீக்கிரம் எடுத்தால் சேதம் முழுதாகத் தெரியாது, ஒரு வாரத்துக்கு மேல் தள்ளினால் அந்தப் படத்தில் பளிச்சென்று இருந்தது மங்க ஆரம்பித்து ஏமாற்றிவிடும். “ஏன் இன்னும் எம்ஆர்ஐ எடுக்கல?” என்று இரண்டாம் நாளே கோபப்படும் அப்பாக்களுக்கு இதைத்தான் சொல்வேன். தவிர, மூச்சு இயந்திரத்தோடும் பல மருந்து பம்புகளோடும் பிள்ளையை ஸ்கேன் அறைக்குக் கொண்டுபோவதே ஆபத்துள்ள பயணம்.

எம்ஆர்ஐ எடுத்த பிறகு, எந்த இடத்தில் சேதம் என்று கேளுங்கள். மூளையின் ஆழத்தில் இருக்கும் பேசல் கேங்கிலியா என்ற பகுதிகளும் மேல்பட்டையும் ஆக்சிஜன் பஞ்சத்தை மிகக் குறைவாகத்தான் தாங்கும். ஆழப்பகுதி மட்டும் அடிபட்டால் அசைவு, தசை இறுக்கம் சார்ந்த சிக்கல் வரலாம். இரண்டும் பரவலாக அடிபட்டிருந்தால் நிலைமை கடுமை. இயல்பான எம்ஆர்ஐ, தொடர்ச்சியான இஇஜியோடு சேர்ந்து வந்தால், அது உண்மையிலேயே நல்ல சேதி.

எஸ்எஸ்இபி என்ற நரம்புச் சோதனையும் செய்யலாம். மணிக்கட்டில் சின்ன மின்தூண்டல் கொடுத்து அது மூளையின் மேல்பட்டைக்குப் போய்ச் சேருகிறதா என்று பார்ப்பார்கள். மயக்க மருந்து இதை இஇஜி அளவுக்குக் குழப்பாது என்பது இதன் பலம். ரத்தத்தில் என்எஸ்இ போன்ற மூளைப் புரதங்களை அளப்பதும் உண்டு, பெரியவர்களுக்கு லிட்டருக்கு 60 மைக்ரோகிராம் என்று ஒரு வரம்பு வைத்திருக்கிறார்கள். பிள்ளைகளுக்கு அப்படி ஒப்புக்கொண்ட வரம்பு இல்லை, சிவப்பணு உடைந்தாலும் அந்த அளவு ஏறும், எக்மோவில் இருக்கும் பிள்ளைக்கு இது அடிக்கடி நடக்கும். ரத்தச் சோதனை எண்ணை மட்டும் வைத்து யாரும் பேசினால் மற்றதையும் சேர்த்துச் சொல்லச் சொல்லுங்கள்.

எப்படிக் கேட்பது

இங்கேதான் பல குடும்பங்கள் தடுமாறுகின்றன, அதனால் விரிவாக எழுதுகிறேன்.

மருத்துவர் ‘நல்ல விளைவு’, ‘மோசமான விளைவு’ என்று சொன்னால், அந்த வார்த்தைக்குள் என்ன இருக்கிறது என்று கேட்காமல் விடாதீர்கள். ஆய்வுகளில் பிசிபிசி என்ற ஆறு படி அளவுகோலைத்தான் பெரும்பாலும் பயன்படுத்துகிறார்கள். 1 என்றால் வயதுக்கேற்ற இயல்பு, 2 லேசான குறை, 3 மிதமான குறை, 4 கடுமையான குறை, அன்றாடம் பிறரைச் சார்ந்திருப்பது, 5 நினைவு திரும்பாத நிலை, 6 மரணம். சில ஆய்வுகள் 1, 2ஐ மட்டும் நல்லது என்று எண்ணும், சில 3ஐயும் சேர்க்கும். சிறப்புப் பள்ளிக்குப் போகும், தானே சாப்பிடும், உங்களைப் பார்த்துச் சிரிக்கும் பிள்ளை ஓர் ஆய்வில் நல்ல பக்கத்திலும் இன்னோர் ஆய்வில் மோசமான பக்கத்திலும் விழலாம். எது உங்கள் குடும்பத்துக்குத் தாங்கக்கூடிய வாழ்க்கை என்பதை அளவுகோல் முடிவு செய்ய முடியாது. ஆகவே நேராகக் கேளுங்கள்: “நடக்குமா, பேசுமா, எங்களை அடையாளம் தெரியுமா, வாயால் சாப்பிடுமா, தானாக மூச்சு விடுமா, இதில் எது நடக்க வாய்ப்பு அதிகம், எது குறைவு?” பிள்ளைக்கு முன்பே வளர்ச்சித் தாமதமோ வலிப்போ இருந்திருந்தால் அதையும் சொல்லுங்கள், ஏனென்றால் ஒப்பிட வேண்டியது முன்பிருந்த நிலையோடுதான்.

அடுத்து, எவ்வளவு உறுதி என்று கேளுங்கள். மோசமாகத்தான் முடியும் என்று சொல்லும் சோதனையில் பிழையே இருக்கக்கூடாது, ஏனென்றால் அந்தப் பிழையின் விலை ஒரு பிள்ளையின் உயிர். ஆனால் இந்தத் துறையில் ஆய்வுகள் சிறியவை. ஒரு சோதனை மோசம் என்று காட்டிய 20 பிள்ளைகளும் உண்மையிலேயே தேறவில்லை என்று ஒரு கட்டுரை சொல்வதாக வைத்துக்கொள்வோம். பிழை பூஜ்யம் என்று தோன்றும். ஆனால் 20 பேர்தான் என்பதால், உண்மையான பிழை 15 விழுக்காடு வரை இருக்க இடமுண்டு என்றுதான் புள்ளியியல் சொல்லும். பல சோதனைகள் ஒரே திசையைக் காட்டும்போதுதான் இந்தச் சந்தேகம் சுருங்குகிறது. “எல்லாச் சோதனையும் ஒரே பக்கம் காட்டுகிறதா, எதாவது ஒன்று மாறிக் காட்டுகிறதா?” என்ற ஒரு கேள்வியே பாதி வேலையைச் செய்துவிடும். மாறிக் காட்டினால் காத்திருக்கலாமா என்று கேட்பதில் தவறே இல்லை.

இன்னொரு சிக்கல், இதைப் பற்றி வெளியே யாரும் பேசுவதில்லை. கணிப்பே முடிவை உண்டாக்கிவிடும் வாய்ப்பு இருக்கிறது. பிள்ளை தேறாது என்று சொன்னால் குடும்பமும் மருத்துவரும் சேர்ந்து இயந்திரங்களை நிறுத்த முடிவெடுக்கிறார்கள், பிள்ளை இறந்துபோகிறது, கணிப்பு சரி என்று புத்தகத்தில் ஏறுகிறது. விட்டுப் பார்த்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று தெரிய வழியே இல்லை. மருத்துவ உலகத்துக்கு இது நன்றாகத் தெரியும், அதனால்தான் அவசரப்பட வேண்டாம் என்று வழிகாட்டுதல்களே எச்சரிக்கின்றன. அதே நேரம், எல்லாச் சோதனையும் ஒரே பக்கம் நின்று, வாரம் கடந்தும் மாற்றமில்லை என்றால், காத்திருப்பது பிள்ளைக்குத் துன்பத்தை நீட்டுவதாகவும் ஆகலாம். இதில் யாருக்கும் பொதுவான பதில் கிடையாது. இரண்டாவது மருத்துவரின் கருத்து வேண்டும் என்று கேட்பது உங்கள் உரிமை, யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

மூளைச்சாவு வேறு. அது கணிப்பு அல்ல. மூளை முழுதும் நிரந்தரமாக நின்றுவிட்டதா என்று குறிப்பிட்ட முறையில் சோதித்து, இரண்டு மருத்துவர்கள் சான்றளிப்பது. சிங்கப்பூர்ச் சட்டத்தில் அது மரணம். ‘கோமா’ என்பதும் அதுவும் ஒன்றல்ல, பேசும்போது எதைச் சொல்கிறார்கள் என்று நிறுத்திக் கேளுங்கள். உறுப்பை எடுத்துவிடுவார்களோ என்று காதோடு காதாகப் பயப்படுபவர்களைப் பார்த்திருக்கிறேன்: ஹோட்டா எனப்படும் மனித உறுப்பு மாற்றுச் சட்டம் 21 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்குப் பொருந்தாது. பெற்றோர் சம்மதம் இல்லாமல் பிள்ளையின் உறுப்பு எதையும் எடுக்கமாட்டார்கள்.

அறைக்குள் யார், வெளியே யார்

குடும்பக் கூட்டம் என்று அழைத்தால் அம்மா அப்பா இருவரும் போங்கள், கூடவே நிதானமான ஒருவரை, மாமாவோ அத்தையோ, எழுதுவதற்கு மட்டும் கூட்டிப்போங்கள். அதிர்ச்சியில் இருக்கும்போது கேட்டதில் பாதி மனத்தில் நிற்காது. ஆங்கிலம் ஓரளவு தெரிந்தாலும் இந்தப் பேச்சைத் தமிழில் கேட்க வேண்டுமென்றால் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லுங்கள். மூத்த பிள்ளையை, அது உயர்நிலைப் பள்ளியில் படித்தாலும், மொழிபெயர்க்க வைக்காதீர்கள். தம்பி பிழைக்கமாட்டான் என்ற வாக்கியத்தை அம்மாவிடம் தன் வாயால் சொல்லும் சுமையை ஒரு பதினைந்து வயதுப் பிள்ளைமேல் ஏற்றக்கூடாது.

ஊரிலிருந்து தாத்தா பாட்டி மணிக்கொரு தடவை அழைப்பார்கள். ஒருவரை மட்டும் நியமித்து, ஒரு நாளைக்கு ஒரு சேதி, ‘இன்று தெரிந்தது இது, அடுத்துத் தெரியப்போவது இந்த நாளில்’ என்று அனுப்பச் சொல்லுங்கள். பூஜை, நேர்த்திக்கடன், துவா, ஜெபம் எதையும் நாங்கள் தடுப்பதில்லை. திருநீறு பூச வேண்டுமென்றால் தாதியிடம் கேளுங்கள், குழாய்க்கும் ஒட்டுக்கும் படாமல் இடம் காட்டுவோம். பணக்கவலை இருந்தால் மருத்துவ சமூக ஊழியரை முதல் நாளே பாருங்கள், பில் வரும்வரை காத்திருக்க வேண்டாம். மெடிஷீல்டு லைஃப் காப்பீடு, மெடிசேவ் சேமிப்பு போக, இயலாத குடும்பங்களுக்கு மெடிஃபண்ட் ஜூனியர் என்று சிறாருக்கென்றே உதவி இருக்கிறது.

வீட்டுக்கு வந்த பிறகும் கணிப்பு தொடர்கிறது

ஐசியூவிலிருந்து வார்டுக்கு மாறும்போது பலர் முடிவு தெரிந்துவிட்டது என்று நினைக்கிறார்கள். தெரிந்தது முதல் அத்தியாயம்தான். பிள்ளைகளிடம் முன்னேற்றம் மாதக்கணக்கில் நடக்கும், அதனால்தான் தாப்கா போன்ற ஆய்வுகளே ஓராண்டு கழித்து அளந்தன. சின்னப் பிள்ளையின் மூளை வளைந்துகொடுக்கும், தானாகச் சரியாகிவிடும் என்று சொல்பவர்கள் சொல்லட்டும், நீங்கள் அதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். எதிர்மாறும் நடக்கும்: இரண்டு வயதில் அடிபட்ட பகுதியின் வேலை ஏழு வயதில்தான் தேவைப்படும், அப்போதுதான் குறை வெளியே வரும். நடக்கிறான், பேசுகிறான், எல்லாம் சரி என்று இருந்த பிள்ளை தொடக்கநிலை மூன்றில் கவனம் நிற்காமல், கணக்குச் சொற்களைப் பிடிக்காமல், சீக்கிரம் களைத்துப்போகும். ஆசிரியர் அதைச் சோம்பல் என்று எண்ணக்கூடும்.

எனவே மறுவருகைகளைத் தவறவிடாதீர்கள், பிள்ளை நன்றாகத் தெரிந்தாலும் சரி. நினைவு, கவனம், மொழி, அசைவு, தூக்கம், மனநிலை எல்லாவற்றையும் பார்க்கச் சொல்லுங்கள். பள்ளி செல்லாத வயது என்றால் எய்பிக் எனப்படும் தொடக்கத் தலையீட்டுத் திட்டத்துக்குப் பரிந்துரை கேளுங்கள், காத்திருப்போர் பட்டியல் இருக்கக்கூடும் என்பதால் வீட்டுக்குப் போகுமுன்பே கேட்பது நல்லது. பள்ளிப் பிள்ளை என்றால் சிறப்புத் தேவை ஆதரவு அதிகாரியைச் சந்தியுங்கள், பிஎஸ்எல்இ போன்ற தேர்வுகளில் கூடுதல் நேரம் போன்ற ஏற்பாடுகளுக்கு மருத்துவச் சான்று தேவைப்படும். கடுமையான குறையோடு வீட்டுக்கு வரும் பிள்ளைக்கு மூச்சுக்குழாய், உணவுக்குழாய் பராமரிப்பை நாங்களே கற்றுத் தருவோம், நீங்கள் தனியாகச் செய்து காட்டும்வரை அனுப்பமாட்டோம். ஆயுள் குறுகியிருக்கும் பிள்ளைகளுக்கு எச்சிஏ அமைப்பின் ஸ்டார் பால்ஸ் என்ற வலிதணிப்புப் பராமரிப்புக் குழு வீட்டுக்கே வருகிறது. அவர்களை அழைத்தால் கைவிட்டுவிட்டதாக அர்த்தமில்லை, வேறு சிகிச்சைகளோடு சேர்த்தே அவர்கள் பார்ப்பார்கள்.

வெளியேறும் நாளில் இஇஜி அறிக்கை, எம்ஆர்ஐ அறிக்கை, இதயம் நின்றதற்கான காரணம், எத்தனை நிமிடம் சிபிஆர் நடந்தது என்ற விவரம் எல்லாம் சேர்ந்த சுருக்கத்தைக் கேட்டு வாங்கி ஒரு கோப்பில் போட்டு வையுங்கள். காரணம் பரம்பரை இதயத் துடிப்புக் கோளாறு என்று சந்தேகம் இருந்தால் உடன்பிறந்தவர்களையும் பெற்றோரையும்கூடச் சோதிக்க வேண்டியிருக்கும், அந்தத் தேதியை அன்றே வாங்கிவிடுங்கள்.